தீவனக் காட்டில் களை யுத்தம்

கூலிக்கு ஆள் கிடைக்காத பெங்களூருப் புறநகரில், மாட்டுத் தீவனம் போடுபவர்களும் களைக்கொல்லியைக் கையில் எடுத்துவிட்டார்கள். மருந்து வேலை செய்கிறது. ஆனால் ஆள் தெரியாமல் அடித்தால், அது தீவனத்தையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது.

ஜூன் மாதத்து முதல் மழை பெய்து பத்து நாள் ஆனால் போதும். பெங்களூருவிலிருந்து தொட்டபள்ளாபுரம் போகும் சாலையின் இருபுறமும் செம்மண் வயல்கள் பச்சை கட்டத் தொடங்கிவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு விதைத்தது நன்றாக முளைத்துவிட்டது என்றுதான் தோன்றும். வயலில் இறங்கிக் குனிந்து பார்த்தால்தான் சங்கதி தெரியும். வரிசையில் நிற்கும் மக்காச்சோளத் தளிர் ஒன்று என்றால், அதைச் சுற்றி நிற்கும் வேண்டாத செடிகள் பத்து. கோரை, அறுகு, பண்ணைக்கீரை, சாரணை. போதாக்குறைக்கு கேரட் இலையைப் போன்ற இலையோடு பார்த்தீனியம்.

இந்த மக்காச்சோளம் கதிருக்காகப் போட்டதல்ல. கதிர் முற்றுவதற்கு முன்பே, 60 அல்லது 65 நாளில் தண்டோடு அறுத்து மாட்டுக்குப் போடுவதற்காக விதைத்தது. பெங்களூரு ஊரகம், கோலார், சிக்கபள்ளாபுரம், ராமநகரம் என்று தலைநகரைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் கேழ்வரகும் பட்டும் பாலும்தான் கிராமத்துப் பணம். நாட்டின் கூட்டுறவுப் பால் அமைப்புகளில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது கர்நாடகப் பால் கூட்டமைப்பு. அதன் 'நந்தினி' பால் பாக்கெட்டுக்குப் பின்னால் இருப்பவர்கள், மூன்று நான்கு கலப்பின மாடுகளும் அரை ஏக்கர் தீவன நிலமும் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். பால் உற்பத்திச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போய்விடும். எனவே அந்த அரை ஏக்கரில் களை ஜெயித்தால், மாதக் கடைசியில் பால் சங்கத்துக் கணக்கில் விவசாயி தோற்றிருப்பார்.

புல்லுக்கு எதற்குக் களையெடுப்பு?

இந்தக் கேள்வியில்தான் சிக்கல் ஆரம்பமாகிறது. நெல்லுக்கும் தக்காளிக்கும் களையெடுப்பவர்கள் கூடத் தீவனப் பயிரைக் கண்டுகொள்வதில்லை. எப்படியும் மாடு தின்னப் போவதுதானே, களையும் சேர்ந்து போகட்டும் என்பது பழைய கணக்கு. ஜான்சியில் 1962-ல் தொடங்கப்பட்ட இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது வேறு. இந்தியாவின் சாகுபடி நிலத்தில் சுமார் 4 சதவீதத்தில் மட்டுமே தீவனம் பயிராகிறது. 2019-ல் நடந்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உள்ள கால்நடைகளோ 53 கோடிக்கு மேல். இருக்கும் கொஞ்ச நிலத்தில் ஒவ்வொரு சதுர அடியும் முக்கியம்.

தீவனப் பயிர்கள் ஆரம்பத்தில் சோம்பேறிகள். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லின் கரணையை 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால், அது வேர் பிடித்துத் தூர் கட்ட ஒரு மாதம் ஆகும். குதிரைமசால் விதையோ கடுகைப் போலச் சிறியது. முளைத்து வரும் தளிரும் அதற்கேற்ற அளவுதான். களைச் செடிகள் அதுவரை காத்திருப்பதில்லை. முதல் 30 முதல் 45 நாட்களுக்குள் நிலத்தின் உரத்தையும் ஈரத்தையும் வெளிச்சத்தையும் அவை பிடித்துக்கொள்கின்றன. இந்தக் காலத்தைத் தாண்டிவிட்டால் கதை தலைகீழாகிறது. ஒருமுறை அறுத்து மறுபடி துளிர்த்த நேப்பியர் புல், ஆளுயரம் வளர்ந்து தன் நிழலாலேயே களையை அமுக்கிவிடும். அதாவது விவசாயி காவல் காக்க வேண்டியது முதல் ஆறு வாரம் மட்டும்தான்.

அந்த ஆறு வாரத்துக்குத்தான் ஆள் இல்லை. 2008-ல் தேவனஹள்ளியில் சர்வதேச விமான நிலையம் திறந்த பிறகு, வடக்குப் பெங்களூரு கிராமங்களின் உழைப்பு திசை மாறிப்போனது. களைக்கொத்து பிடித்த கைகளில் கணிசமானவை இன்று ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் வேலை பார்க்கின்றன. கேழ்வரகு வயலில் வரிசைக்கு நடுவே இரண்டு மாடுகள் இழுத்துச் செல்லும் 'எடெகுண்டே' என்ற பாரம்பரியக் களைக்கருவி இருக்கிறது. ஆனால் கறவை மாடு பெருகிய வீடுகளில் உழவு மாடு குறைந்துவிட்டது. இந்த இடைவெளியில் நுழைந்ததுதான் களைக்கொல்லி டப்பா.

முளைக்கும் முன் ஒரு அடி

களைக்கொல்லி என்றதும் வளர்ந்த செடி மீது அடித்துக் கருக்கும் மருந்துதான் நினைவுக்கு வரும். தீவனப் பயிரில் அதிகம் பயன்படுவது அந்த ரகமல்ல. விதைத்த மூன்று நாட்களுக்குள், பயிரோ களையோ தலைகாட்டுவதற்கு முன்பே, ஈரமான மண் மீது தெளிக்கும் மருந்து அது. மண்ணின் மேற்பரப்பில் மெல்லிய போர்வை போலப் படிந்து நிற்கும். களை விதைகள் பெரும்பாலும் மேல்மண்ணில் கிடப்பவை. அவை முளைவிடும்போது இந்தப் போர்வையில் சிக்கிக்கொள்ளும். ஆழத்தில் விதைத்த பயிர் தப்பித்து மேலே வரும்.

இந்த வகையில் இரண்டு பெயர்கள் பிரதானம். முதலாவது அட்ரசின். 1950-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனம் கொண்டுவந்த இந்த மருந்து, செடி சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் வேலையை நிறுத்திவிடுகிறது. மக்காச்சோளத்துக்கும் சோளத்துக்கும் மட்டும் ஒரு சாமர்த்தியம் உண்டு. உள்ளே வரும் அட்ரசினைத் தம் உடலுக்குள்ளேயே செயலிழக்கச் செய்துவிடும். களைகளில் பலவற்றுக்கு அந்தத் திறமை இல்லை. இரண்டாவது பெண்டிமெத்தலின். இது முளைக்கும் வேரிலும் குருத்திலும் செல்கள் பிரிவதைத் தடுக்கிறது. பயறு வகைகளும் குதிரைமசாலும் இதை ஓரளவு தாங்கிக்கொள்கின்றன.

வித்தியாசம் அங்கேதான். கால்நடை மருத்துவர்களும் வேளாண் பல்கலைக்கழகங்களும் விவசாயிக்குச் சொல்லும் புத்திமதி, தனியாக மக்காச்சோளம் போடாதே, நடுவில் தட்டைப்பயறும் போடு என்பது. மூன்று வரிசை மக்காச்சோளத்துக்கு ஒரு வரிசை தட்டைப்பயறு. பயறுத் தழையில் புரதம் அதிகம். கடையில் வாங்கும் புண்ணாக்குச் செலவு குறையும். அப்படி இரண்டும் கலந்த வயலில், மக்காச்சோளத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டு அட்ரசின் அடித்தால் என்ன ஆகும்? மக்காச்சோளம் ஜம்மென்று வரும். களையும் குறையும். கூடவே தட்டைப்பயறு முளைத்த ஒரு வாரத்தில் இலை விளிம்பு வெளுத்து, கருகிச் செத்துப்போகும். மாட்டுக்கு வேண்டிய புரதத்தை விவசாயி தன் கையாலேயே அழித்திருப்பார். கலப்புப் பயிருக்குப் பெண்டிமெத்தலின் பொருந்தும், அட்ரசின் பொருந்தாது. இந்த ஒரு வரியை மருந்துக் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா என்பது கடைக்காரரைப் பொறுத்தது.

இன்னொரு கண்ணியும் உண்டு. தானியத்துக்காகப் போடும் மக்காச்சோளம் வயலில் 100 நாளுக்கு மேல் நிற்கும். அதற்குள் மண்ணில் உள்ள அட்ரசின் பெருமளவு சிதைந்துவிடும். தீவன மக்காச்சோளம் 60 நாளில் அறுவடையாகிவிடுகிறது. அதே நிலத்தில் உடனே அவரையோ காய்கறியோ போட்டால், மிச்சமிருக்கும் மருந்து புதுப்பயிரைத் தாக்கலாம். பெங்களூருவைச் சுற்றியுள்ள செம்மண் பெரும்பாலும் மணல் கலந்தது, மக்கு குறைந்தது. களிமண் நிலத்துக்குச் சொல்லும் அளவை அப்படியே இங்கே கொட்டினால் பயிரும் பாதிக்கும், மருந்தும் தண்ணீரோடு கீழே இறங்கும்.

அளவுக் கணக்கு பலரைக் குழப்புகிறது. சிபாரிசுகள் மருந்தின் வீரியப் பொருளைக் கிலோவில் சொல்லும். டப்பாவோ லிட்டரில் வரும். ஹெக்டேருக்கு 1 கிலோ பெண்டிமெத்தலின் என்றால், 30 சதவீத வீரியம் உள்ள திரவம் சுமார் 3.3 லிட்டர் தேவை, ஏக்கருக்கு 1.3 லிட்டர். இலகுவான மண்ணுக்கு 0.75 கிலோ போதும் என்றால் ஏக்கருக்கு 1 லிட்டர். அதை ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். 16 லிட்டர் கைத்தெளிப்பானில் 12 அல்லது 13 டாங்கு. பூச்சி மருந்துக்குப் பயன்படும் கூம்பு நாசில் இதற்கு உதவாது. தட்டையாக விசிறி போல விழும் நாசில் வேண்டும். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். தெளித்த இடத்தில் மிதிக்காமல் பின்னோக்கி நடக்க வேண்டும். கால் பட்டால் போர்வை கிழியும், கிழிந்த இடத்தில் களை முளைக்கும்.

டில்லியில் நடந்த இழுபறி

களைக்கொல்லி பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு உலகம் ஒரே பதில் சொல்லவில்லை. நிலத்தடி நீரில் தங்குகிறது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் அட்ரசினை 2004-ல் கைவிட முடிவெடுத்தது. அமெரிக்கா இன்றும் மக்காச்சோளத்துக்கு அதைப் பயன்படுத்துகிறது. இந்தியாவில் 2020 மே மாதம் மத்திய வேளாண் அமைச்சகம் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ய ஒரு வரைவு ஆணையை வெளியிட்டது. அட்ரசின், பெண்டிமெத்தலின், 2,4-டி மூன்றுமே அந்தப் பட்டியலில் இருந்தன. அதாவது தீவன விவசாயி கையில் எடுக்கும் பிரதான ஆயுதங்கள் அனைத்தும். தொழில்துறையும் விவசாயிகளில் ஒரு பகுதியினரும் எதிர்த்தார்கள். சுற்றுச்சூழல் அமைப்புகள் வரவேற்றன. 2023-ல் இறுதி ஆணை வந்தபோது தடைப் பட்டியல் சுருங்கிவிட்டது. இந்த மூன்று களைக்கொல்லிகளும் அதில் இல்லை.

களை வளர்ந்த பிறகு அடிக்கும் கிளைபோசேட் மீதும் சர்ச்சை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் அதை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்று வகைப்படுத்தியது. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மூலம் மட்டுமே தெளிக்கலாம் என்று கட்டுப்பாடு விதித்தது. சட்டம் ஒருபுறம் இருக்க, தீவன வயலில் அதற்கு இன்னொரு ஆபத்து உண்டு. கிளைபோசேட் புல்லையும் கொல்லும். நேப்பியரும் ஒரு புல்தான்.

2,4-டி அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும்; மக்காச்சோளத்தை விட்டுவிடும். ஆனால் காற்றில் பக்கத்து வயலுக்குப் பறந்து போகும். தட்டைப்பயறும் குதிரைமசாலும் அதைத் தாங்காது. திராட்சைக்கொடிக்கு ஜென்ம விரோதி. 'பெங்களூர் நீலம்' திராட்சை விளையும் பகுதியில் இது சின்ன விஷயமல்ல.

பால் விஷயம் தனி. மாடு தின்பது மனிதன் குடிப்பதில் வந்து சேரும். முளைக்கும் முன் ஒருமுறை தெளித்து, 60 நாள் கழித்து அறுக்கும் தீவனத்தில் எச்சம் தங்கும் வாய்ப்பு குறைவு. வளர்ந்த தீவனத்தில் தெளித்துவிட்டு அடுத்த வாரமே அறுத்துப் போடுவது அப்படியல்ல. எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று டப்பாவின் மேலுள்ள காகிதத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். ஆனால் தீவனப் பயிருக்கென்றே பதிவு பெற்ற களைக்கொல்லிகள் இந்தியாவில் மிகக் குறைவு. நெல்லுக்கும் சோயாவுக்கும் எழுதிய காகிதத்தைப் படித்து விவசாயி நேப்பியருக்கு அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

காங்கிரஸ் கிடத்தின் ஊர்வலம்

களைகளில் ஒன்றுக்கு மட்டும் பெங்களூருவில் தனி வரலாறே இருக்கிறது. பார்த்தீனியம் 1950-களின் மத்தியில் புணேயில் கவனத்துக்கு வந்தது. அமெரிக்கக் கோதுமையோடு வந்து இறங்கியது என்பது பரவலான நம்பிக்கை. வட இந்தியாவில் 'காஜர் காஸ்', கர்நாடகத்தில் 'காங்கிரஸ் கிட'. ஒரு செடி 15,000-க்கு மேல் விதை போடும். வீடு கட்டக் காத்திருக்கும் காலி மனைகள் நிறைந்த பெங்களூரு அதற்கு வாழ்வளித்தது. தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் நகரவாசிகளைப் படுத்தவே, 1975-ல் கர்நாடக அரசு விவசாயப் பூச்சி மற்றும் நோய்கள் சட்டத்தின் கீழ் அதைத் தீங்கு விளைவிக்கும் களை என்று அறிவித்தது.

மாட்டுக்கும் அது ஆகாது. சாதாரணமாக மாடு அதை மோந்து பார்த்துவிட்டு ஒதுக்கிவிடும். வறட்சியில், அல்லது அறுத்த தீவனத்தோடு கலந்து நறுக்கிப் போட்டால், வேறு வழியின்றித் தின்னும். பாலில் கசப்பு ஏறும். 1970-களில் பெங்களூரு ஆய்வாளர்கள் மாடுகளுக்கும் எருமைகளுக்கும் தீவனத்தில் அதைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். தோல் புண், வாய்ப்புண், குடல் சேதம் என்று தொடங்கி, அதிக அளவு தின்றவற்றில் பல இறந்தே போயின. பெங்களூர் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். பார்த்தீனியத்தின் வேரும் இலையும் வெளியிடும் பொருட்கள் பக்கத்துப் பயிரின் வளர்ச்சியையே அடக்குகின்றன.

எனவே தீவன வயலுக்கு வரும் மற்ற களைகளை மாடு மன்னித்தாலும், இதை மன்னிக்க முடியாது. மருந்தால் மட்டும் முடியாது என்று புரிந்தபோது, ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டை வரவழைத்தது. 'சைகோகிராம்மா பைகலரேட்டா' என்ற அந்த வண்டு 1984-ல் பெங்களூருவில் விடப்பட்டது. சில ஆண்டுகளில் அது பெருகி, பார்த்தீனியக் காடுகளை இலையின்றி மொட்டையடித்தது. 1990-களின் தொடக்கத்தில் கோலார் பக்கம் சூரியகாந்தி இலையிலும் வண்டைப் பார்த்ததாகப் புகார் எழுந்தது. பயிரைத் தின்னும் எதிரியை விஞ்ஞானிகளே இறக்குமதி செய்துவிட்டார்களா என்று பெரிய விவகாரமாகி, மத்திய அரசு விசாரணைக் குழு அமைத்தது. வண்டு சூரியகாந்திக்கு உண்மையான ஆபத்தல்ல என்பது பின்னர் உறுதியாகி, அது மற்ற மாநிலங்களுக்கும் பயணம் செய்தது. ஆனால் வண்டுக்கும் ஒரு பலவீனம். மழைக்காலத்தில் மட்டும் உழைக்கும். மழை ஓய்ந்ததும் மண்ணுக்குள் போய்த் தூங்கும். பார்த்தீனியமோ தண்ணீர் கிடைத்தால் வருஷம் முழுக்கப் பூக்கும்.

களையும் ஒரு தீவனம்

வேளாண் அதிகாரிகளின் துண்டுப் பிரசுரங்களில் வராத பக்கமும் ஒன்று உண்டு. நிலமில்லாத குடும்பங்கள் மாடு வளர்ப்பது பிறர் வயலின் களையை நம்பித்தான். கேழ்வரகு வயலில் களையெடுக்கும் பெண் மாலையில் கூலியோடு ஒரு கட்டுப் புல்லும் தலையில் சுமந்து வீடு திரும்புவாள். அறுகும் பண்ணைக்கீரையும் வயல்காரருக்குக் களை. அவளுடைய மாட்டுக்கு ராச் சாப்பாடு. வயலில் களைக்கொல்லி அடித்தால் அவளுக்கு இரட்டை அடி: கூலி போயிற்று, புல்லும் போயிற்று. பெல்லந்தூர், வர்தூர் ஏரிகளின் கழிவுநீரில் வளர்ந்த புல்லை அறுத்து மாட்டுக்குப் போடும் காட்சியைப் பெங்களூரு பல ஆண்டுகளாகப் பார்த்து வந்திருக்கிறது. நல்ல புல் கிடைக்காதவர்கள் போகும் இடம் அது.

இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது. 1964-ல் தொடங்கிய பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம், ஜபல்பூரிலிருந்து நடத்தப்படும் அகில இந்தியக் களை மேலாண்மைத் திட்டத்தின் மையங்களில் ஒன்றாக இருந்து வந்திருக்கிறது. இத்தகைய மையங்களின் அனுபவம் சொல்வது, மருந்து ஒரு கருவி, முழுத் தீர்வல்ல என்பதே. விதைக்கும் முன் ஒரு மழையையோ ஒரு தண்ணீரையோ விட்டு, களையை முளைக்கவைத்து, மேலோட்டமாக உழுது அழித்துவிட்டுப் பிறகு விதைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். நன்றாக மக்கிய எருவையே போட வேண்டும். களை விதை மாட்டின் வயிற்றைத் தாண்டி, சாணத்தோடு உயிருடன் வயலுக்குத் திரும்பி வரும். குதிரைமசால் விதையைச் சலித்து வாங்க வேண்டும். அதில் கலந்து வரும் கஸ்குட்டா என்ற இலையில்லாத மஞ்சள் கொடி ஒருமுறை நுழைந்தால், பயிரின் சாற்றை உறிஞ்சியே வாழும். அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். பிறகு, தேவைப்பட்டால், முளைக்கும் முன் ஒரே ஒரு தெளிப்பு. 30-வது நாளில் சைக்கிள் வீடரை ஒருமுறை தள்ளுவது, அல்லது கையால் ஒரு களையெடுப்பு. பூக்கும் முன் வரப்புப் பார்த்தீனியத்தைக் கையுறை போட்டு வேரோடு பிடுங்குவது. அதன் பிறகு புல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இதில் மிக மலிவானது மருந்து. மிக அபூர்வமானது, எந்த வயலுக்கு எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்று பக்கத்தில் நின்று சொல்லும் ஆள். கூட்டுறவுப் பால் சங்கம் கிட்டத்தட்ட ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. காலையும் மாலையும் பாலின் கொழுப்பை அளக்கிறது. தீவனத்தைப் பற்றிய இந்த நாலு வார்த்தையையும் அங்கேயே சொல்ல முடியும்.

பெங்களூரு ஆடுகோடியில் 1923-ல் தொடங்கிய பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் இன்றும் இருக்கிறது. 1927-ல் உடல்நலம் தேற பெங்களூருவில் தங்கியிருந்த காந்தி, அங்கே போய் மாடு வளர்ப்பைக் கற்றுக்கொண்டார். வருகைப் பதிவேட்டில் தன்னை விவசாயி என்று குறிப்பிட்டார். அன்று ஊருக்கு வெளியே இருந்த அந்த நிலையத்தை நகரம் எப்போதோ விழுங்கிவிட்டது. தீவன வயல்கள் தேவனஹள்ளிக்கும் ஹொசகோட்டைக்கும் ஆனேக்கல்லுக்கும் பின்வாங்கிவிட்டன. அங்கேயும் வயலுக்குப் பக்கத்து நிலம் மனையாகிறது. மனையாகி, வேலி போட்டு, விற்கும்வரை சும்மா கிடக்கும். அதில் முதலில் குடியேறுவது பார்த்தீனியம். தீவன வயலுக்கு விதை அங்கிருந்துதான் காற்றிலும் தண்ணீரிலும் வருகிறது. அந்த வேலிக்குள் தெளிக்க விவசாயியின் கையில் இருக்கும் எந்த டப்பாவாலும் முடியாது.